துறைப் பலகையும் எங்கள் திருமீனும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்கார்வ் தீவிலிருந்து ஆன்ஃபின் வணக்கத்துடன் சொல்லி எழுதுவித்தது. இங்கே நான் நலம், முழங்கால் நலமில்லை. உங்கள் பத்திரிகை நலமாயிருக்கப் போன வாரம் வரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

தேவாலயக் கூரையைப் புயல் தூக்கிப்போன வருஷம் நாங்கள் ஒரு பெரிய திருமீன் பிடித்தோம். தீவுக்கு மின்சாரம் வந்ததும், பாதிரியாரின் பசு விளக்கைக் கண்டு மிரண்டு கடலில் குதித்ததும் அதே வருஷந்தான். அந்த மீனை என் மச்சான் இங்வால்ட் நீளக் கயிற்றில் ஆயிரம் தூண்டில் கட்டிப் பிடித்தான் என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் அவன் பெயருக்குப் பலகை அடிக்கப் போகிறார்களாம். ஐயா, அவன் ஆற்றுக்காரன். ஆற்றுக்குள் மேடை கட்டி உட்கார்ந்து, சால்மன் மீன் தானாக வலைக்குள் வந்ததும் கயிற்றை இழுக்கிறவன். பாதி நேரம் தூக்கம். அன்று எங்கள் படகில் இருந்தது ஒரே கைக்கயிறு, ஒரே தூண்டில். ஆட்கள் மூன்று பேர்: நான், அவன், அவன் தங்கையான என் வீட்டுக்காரி.

கயிறு கனத்தது. மேலே வந்தது சமையலறைக் கதவு அகலம். கடலில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது, திருமீன் என்றுதான் சொல்லணும், பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அந்த ஆற்றுக்காரன் எழுந்து நின்று நிஜப்பெயரைக் கத்திவிட்டான். அவ்வளவுதான், அது அடியாழத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் படகை இழுத்தது.

"வாயை மூடு மச்சான், அதுக்குக் காது கேக்கும்" என்றேன்.

"காதா? எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்" என்கிறான்.

உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போச்சு. கடைசியில் கொக்கித் தடியால் குத்தி, வாலில் சுருக்குப் போட்டு, உள்ளே ஏற்ற முடியாமல் பக்கவாட்டில் கட்டி இழுத்து வந்தோம். நூற்றெண்பது கிலோ. கைக்குக் கட்டுப் போட நாங்கள் வீட்டுக்குப் போன நேரம், அவன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு மீன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். பலகையில் என் பெயர் வரவில்லையென்றால் ஆணி பிடுங்கும் குறடோடு நானே வருவேன்.

உங்களுக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் அமைதியான கடலையும் நல்ல கண்பார்வையையும் கொடுக்கட்டும். இங்வால்ட் போய்ச் சேர்ந்துவிட்டான். சந்தேகமென்றால் கேட்க, அன்று படகில் இருந்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் ஒருத்திதான்: ஹில்மா.

பி.கு.: என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் தைரியமாகச் சேர்க்கிறேன். சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். ஆனால் "ஹாலிபட்" என்று அந்த மீனின் நிஜப்பெயரைக் கத்தியது இவர்தான். என் அண்ணன் அப்போது படகு மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். காதைப் பற்றிக் கேட்டது நான். கட்டுப் போட்டதும் என் கைக்குத்தான், இவர் துணி கிழித்துக் கொடுத்தார். பலகையில் என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹில்மா