அறுநூறு ஓம் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை

ஈப்போ வட்டாரத்தில், சேர்த்துவைத்த ஒரு ஜோடிகூடப் பிரியாத கல்யாணத் தரகர் அம்ப்ளி அண்ணே ஒருவர்தான். அவர் சேர்த்துவைத்ததெல்லாம் ஹெட்ஃபோனையும் அம்ப்ளிஃபையரையும் என்பது வேறு விஷயம்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கோப்பெங் போகும் சாலையில் ரேடியோ பழுதுபார்க்கும் சின்னக் கடை அவருடையது. நேராகப் போய் அம்ப்ளிஃபையர் கேட்டால் கிடைக்காது. "மொதல்ல பொண்ணைக் கொண்டு வாங்க. பொருத்தம் பார்க்காம மாப்பிள்ளை காட்ட மாட்டேன்" என்பார். பெண் என்றால் நம் ஹெட்ஃபோன்.

நான் போனது வேறு வழியில்லாமல். கமுந்திங் தொழிற்சாலை வேலை போன பிறகு, ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை கிடைத்திருந்தது. எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். ஆசைப்பட்டு, ஸ்டூடியோக்காரர் ஒருவர் விற்ற பெரிய ஹெட்ஃபோனை வாங்கினேன். மடிக்கணினியில் மாட்டினால், பேசுகிறவர்கள் எல்லோரும் கிணற்றுக்குள் இருந்தார்கள். கேட்காத இடங்களை நானே இட்டுக்கட்டினேன். ஒரு பதிவில் பெரியவர் ஒருவர் இருமியதைச் சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

பிழைகளைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "திங்கக்கெழமைக்குள்ள திருத்தி அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்லா."

பதறிப்போய், தம்பியின் கரோக்கே பெட்டியில் சொருகினேன். குரல் வந்தது. கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று எங்கள் தைப்பிங் ஊர் மழையும் வந்தது, நிற்கவே இல்லை. சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அண்ணே கடைக்கு ஓடினேன்.

அண்ணே ஹெட்ஃபோனைத் துணியால் துடைத்து, அதில் போட்டிருந்த மின்தடை எண்ணைப் படித்தார். படித்ததும் தலையில் கை வைத்தார்.

"தங்கச்சி, பொண்ணு அறுநூறு ஓம்! இவளைப் போயி லேப்டாப்புக்குக் கட்டிக் குடுத்திருக்கியே, அவன் எப்படிலா தாங்குவான்?"

"ரோசாக் ஆயிருச்சா அண்ணே?"

"ஒரு பழுதும் இல்ல. இவளுக்கு வோல்டேஜ் நெறைய வேணும், லேப்டாப்புகிட்ட அது இல்ல. கரோக்கேக்காரன்கிட்ட பலம் இருக்கு, ஆனா ஒரே இரைச்சல். பலமும் இருக்கணும், அமைதியாவும் இருக்கணும். அப்படி மாப்பிள்ளை கெடைக்கிறது சூசாலா, லேசுல அமையாது!"

பழுதுபார்க்கக் கொடுத்த ரேடியோவை வாங்க வந்திருந்த பீடோர் ஊர் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து மகனின் ஜாதகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "என் மகன் ரொம்ப அமைதி அண்ணே." அண்ணே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். "இதுல வோல்டேஜ் போடலயே அக்கா."

ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்த்தார். ஒன்றில் குரல் ஏறவில்லை, மற்றதெல்லாம் இரைச்சல். "இதே போதும் அண்ணே" என்று நான் கெஞ்சினேன். "போதும்னு கட்டி வெச்சா நாளைக்கு நீதான் அழுவ" என்று உள்ளே போனவர், ஒரு கறுப்புப் பெட்டியோடு திரும்பினார். முதல் வேலையாகக் குமிழைச் சைபருக்குத் திருப்பினார்.

"எப்பவும் சைபர்லேருந்து ஆரம்பிக்கணும். எடுத்த எடுப்புல சத்தம் ஏத்துனா எந்தக் குடும்பமும் வெளங்காது."

ஹெட்ஃபோனை என் காதில் மாட்டச் சொல்லி, பதிவை ஓடவிட்டு, மெல்லத் திருப்பினார். அந்தப் பெரியவர் என் காதருகில் இருமினார். இருமி முடித்து, மிகத் தணிவாக, "வேணாம்" என்றார். நான் சம்மதம் என்று எழுதியிருந்த இடம் அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எவ்வளவு என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்கு வெல கேக்கிறது தப்பு தங்கச்சி, வீட்டுக்குப் போ" என்று விரட்டினார்.

திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்பினேன், வேலை தப்பியது. அடுத்த வாரம் உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணே தன் பெரிய ஹெட்ஃபோனைக் கைத்தொலைபேசியில் சொருகி, இரண்டு உள்ளங்கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கொடுத்தது அவருடைய சொந்த அம்ப்ளிஃபையர்.

திருப்பித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. "நீ சரியா கேட்டாதான் வீட்ல சோறு. நான் பழைய பாட்டுதானே கேக்கறேன்? பாதி கேட்டா போதும், மீதி எனக்கே தெரியும்" என்று சொல்லி வடையை எடுத்துக்கொண்டார்.

இன்றும் திங்கட்கிழமை காலை தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறார்: "பொண்ணும் மாப்பிள்ளையும் எப்படி?"

குமிழைச் சைபருக்குத் திருப்பி வைத்துவிட்டு, நானும் தவறாமல் பதில் போடுகிறேன்: "உங்க புண்ணியத்துல மூணு பேரும் நல்லா இருக்கோம் அண்ணே."