மண்ணீரல் சாவடியில் மாட்டிய சிவப்புக் கழுதை

ஒரு காட்டில் கேளையாடு என்ற சின்ன மான் ஒன்றைக் கொசு கடித்தது, மலேரியா வந்தது. காய்ச்சலும் நடுக்கமும் நீங்கள் பார்த்ததுதான். நான் சொல்லப்போவது அதன் ரத்தத்துக்குள் நடந்த கூத்தை.

அங்கே சிவப்புக் கழுதைகள் மூச்சுக்காற்றை மூட்டை கட்டி உடம்பு முழுக்கச் சுமந்துகொண்டிருந்தன. காவலுக்கு வெள்ளை நாய்கள். கொசுவோடு வந்து இறங்கிய ஒட்டுண்ணி ஒரு கழுதையின் வயிற்றுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, வயிற்றைக் கிழித்துக்கொண்டு கும்பலாக வெளியே வந்தது. பக்கத்தில் போன கழுதைகள் மேலெல்லாம் அதன் பிசுக்கு தெறித்தது.

நாய்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மண்ணீரலில் சோதனைச் சாவடி போட்டன. பிசுக்கு வாடை அடிக்கிற கழுதையை விசாரிக்காமல் கடித்துப் போட உத்தரவு.

ஒட்டுண்ணியைச் சுமந்த கழுதைகள் சாவடிப் பக்கமே வரவில்லை. ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சந்துக்குள் நின்றுவிட்டன. வரிசையில் நின்றவை எல்லாம் ஒழுங்காக வேலை பார்க்கிற கழுதைகள். பாவம்!

செவத்தான் என்ற கழுதையின் முறை வந்தது. உடம்புக்கு வெளியே, காட்டுப் புதருக்குள் சிறுத்தை ஒன்று பதுங்கியிருந்தது. செவத்தானின் மூட்டை கேளையாட்டின் கால்களுக்குப் போக வேண்டியது.

"ஏட்டய்யா, சீக்கிரம் விடுங்க. கால் ஓடணும், காத்து கேக்குது."

ஏட்டு நாய் முகர்ந்தது. "வாடை அடிக்குதேடா."

"அது என்மேல தெறிச்சதுங்க. வயித்தைத் தட்டிப் பாருங்க, ஒண்ணும் இல்ல. அவனுங்க அந்தச் சந்துலதான் நிக்கிறானுங்க."

"சந்துக்குள்ள எல்லாம் நாங்க போக முடியாது. வர்றவனத்தான் பிடிப்போம்."

"ஐயோ, உங்களுக்கும் நான்தானேய்யா மூச்சு கொண்டாரேன்!"

"காவலருக்கே லஞ்சம் காட்டுறியா?"

ஏட்டு ஒரே கடி, செவத்தான் போய்ச் சேர்ந்தது. ஒட்டுண்ணி கொன்ற கழுதைகளைவிட நாய்கள் கொன்றவையே அதிகம். அதைச் சாதனை என்று சொல்லி நாய்கள் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன. சந்துக்குள் இருந்த ஒட்டுண்ணியும் மனசாரக் கை தட்டியது.

சிறுத்தை பாய்ந்தது. கேளையாடு எழுந்தது, தள்ளாடியது, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

உள்ளே ஏட்டு நாய்க்கு மூச்சு வாங்கியது. "காத்துக் கழுதை எங்கடா?"

"இருந்த ஒண்ணு ரெண்டையும் நாமதானே கடிச்சோம், ஏட்டய்யா."

"அதெல்லாம் இல்ல. வேலை நேரத்துல ஆளக் காணோம்னு அந்தச் செவத்தான்மேல இன்னொரு கேஸ் எழுது."

எழுதி முடிப்பதற்குள் சிறுத்தை சாப்பிட்டு முடித்துவிட்டது.

நீதி: குற்றம் செய்யாதவர்கள் உடனே தலைமறைவாகிவிடவும். காவலுக்குத் தேவை கைக்கு எட்டுகிற ஆள்.