ஜீப்புக்கு ஒரு செட் சிவப்பு புஷ்

இனிமேல் ரப்பர் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று டவர்க்காரர் முடிவு கட்டினார். முடிவு கட்டிய இடம் ஜீப்புக்கு அடியில். மல்லாந்து படுத்திருந்ததால் அதைக் கேட்க ஆளில்லை. நெற்றியில் ஒரு சொட்டு ஆயில் மட்டும் விழுந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவர் என்பதால் தெருவுக்கே அவர் டவர்க்காரர். அவர் பார்க்கும் கோபுரங்கள் எல்லாம் குன்றின் உச்சியில்தான் நிற்கும். பாதை என்ற பெயரில் கல்லும் குழியும் இருக்கும். அதில் ஏறி இறங்கத்தான் அந்தப் பழைய ஜீப். அதில் எல்லாமே நன்றாக இருந்தது, புஷ் ஒன்றைத் தவிர. புஷ் என்பது பெரிய சமாசாரம் இல்லை. ஸ்பிரிங் பட்டையின் முனையில் உள்ள துளைக்குள் செருகியிருக்கும் ரப்பர் உருளை, அவ்வளவுதான். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் இருந்து இடி வாங்குவது அதன் வேலை. வீட்டில் அந்த வேலையைத் தான் பார்ப்பதாக டவர்க்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புஷ்தான் நாற்பது நாளுக்கு மேல் தாங்குவதில்லை. நாற்பதாம் நாள் குழியில் இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். மறுவாரம் 'டொக் டொக்'. அதற்கடுத்த வாரம் ஜீப் வருவது தெருமுனையிலேயே கேட்டு, மனைவி அடுப்பில் டீ வைத்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் டவர்க்காரர் தானே ஜாக்கி வைத்துத் தூக்கி, தானே மாட்டி, ரப்பர் செய்கிறவனைத் தானே திட்டுவார். மெக்கானிக்கிடம் விடுவது கௌரவக் குறைச்சல்.

இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் கம்பெனி ஆய்வாளர் வீட்டுக்கே வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார். தடதடக்கிற வண்டிக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் டவர்க்காரருக்கு டவரும் கிடையாது.

"ரப்பருக்குப் பதிலா பாலி புஷ்னு ஒண்ணு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். "சிவப்பா, கெட்டியா இருக்கும். பதினேழு வீடியோ பாத்துட்டேன். ஆயுசுக்கும் வருமாம்."

"யார் ஆயுசுக்கு?" மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வண்டி ஆயுசுக்கு."

"அப்ப ஒரு வருஷம்னு வச்சுக்கலாம். விலை?"

"கொஞ்சம் கூட."

"கொஞ்சம்னா?"

 டவர்க்காரரின் கண் தானாகச் சுவரோரத்துக் காலி இடத்துக்குப் போனது. துணி ஓரம் பிசிறாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்காக மனைவி ஒழித்து வைத்திருந்த இடம் அது. பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்து, இரண்டு வருஷமாகச் சேர்த்த காசு அலமாரியில் இருந்தது.

"அங்க எதுக்குப் பாக்கறீங்க?"

"சும்மாதான்."

"அந்தப் பக்கம் சும்மாகூடப் பாக்காதீங்க."

 பிறகு அவளே மெஷினை நிறுத்தினாள். வேலை போய்விடுமோ என்ற கவலை அவளுக்கும் இருக்காதா?

"சரி. இந்த ஒரு தடவை பழையபடி ரப்பரே போடுங்க. ஆய்வாளர் வர்றதுக்குள்ள கிழிஞ்சா, அந்தக் காசை நானே எடுத்துத் தர்றேன். போதுமா?"

டவர்க்காரர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டார். நாற்பது நாளில் கிழியும். ஆய்வாளர் வர அறுபது நாள். பழம் நழுவி மடியில் விழுந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று ரகம் எடுத்து வைத்தார். டவர்க்காரர் ஒவ்வொன்றையும் அமுக்கினார். முகர்ந்தார். ஒன்றைக் கடித்துக்கூடப் பார்த்தார்.

"இதுல சீக்கிரம் கிழியறது எது?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரொம்ப நாள் உழைக்கிறது எதுன்னுதானே கேக்கறீங்க?"

"இல்லை. சரியாத்தான் கேட்டேன். இருக்கறதுலயே மட்டமா ஒரு செட்."

"இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன் சார். இப்படி ஒருத்தர் கேட்டதில்லை" என்று முனகியபடி, விற்காமல் கிடந்த ஒரு பாக்கெட்டைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை டவர்க்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே அதை மாட்டினார்.

நாற்பதாம் நாள் குன்றில் ஏறும்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். சத்தமில்லை. நாற்பத்தைந்து. சத்தமில்லை. ஐம்பதாம் நாள், நல்ல பாதையை விட்டுவிட்டு ஓடைக்குள் இறக்கி ஏற்றிப் பார்த்தார். டூல் பாக்ஸ் மூடி திறந்துகொண்டது, பல் ஆடியது, புஷ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மனைவி கூட இருந்தால் எடை கூடும், சத்தம் வந்தால் சாட்சியும் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"சும்மா குன்று வரைக்கும் போய்ட்டு வரலாமா?"

மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்தாள்.

டவர்க்காரர் ஒரு குழி விடவில்லை. சின்னக் குழிக்குப் பக்கத்தில் பெரிய குழி இருந்தால், ரிவர்ஸ் எடுத்து அதிலும் இறக்கினார்.

"இந்தக் குழியில ரெண்டாவது தடவை இறங்கறோம்" என்றாள் மனைவி.

"காட்சி நல்லா இருந்துச்சு. அதான்."

"ஆமாம், நல்லாத்தான் இருக்கு." அவள் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எத்தனை வருஷம் ஆச்சு இப்படி என்னைக் கூட்டிட்டு வந்து. உங்களுக்குத் தோணுச்சே, அதுவே போதும்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு டவர்க்காரருக்கு அடுத்த குழியில் இறக்க மனம் வரவில்லை. கோபுரத்தடியில் வண்டியை நிறுத்தினார். டீயை அவள் அவருக்குத்தான் முதலில் ஊற்றிக் கொடுத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் மெஷின் காசை எடுக்கறதுக்காக, கடையிலயே மட்டமான புஷ்ஷாப் பாத்து வாங்கிட்டு வந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கு சாயங்காலமே கடைக்காரர் போன் பண்ணார். உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டார்."

டவர்க்காரர் முகத்தில் அசடு வழிந்தது. "அப்புறம் ஏன் கிழியலை?"

"நான் அதைத்தான் அவர்கிட்டக் கேட்டேன், எங்க வண்டியில மட்டும் ஏன் கிழியுதுன்னு. ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசா இறுக்கிடுவாரான்னு கேட்டார். ஆமான்னேன். அதான் விஷயம்னார். தொங்கற நிலையில ரப்பரைக் கவ்விப் பிடிச்சா, வண்டியை இறக்கினதும் அது முறுக்கிக்கிட்டே நிக்குமாம். பாவம், எத்தனை நாள் தாங்கும்?" அவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் சட்டைக்கு அளவெடுக்கும்போது இப்படியா நிக்கச் சொல்றேன்? இப்படி நிக்கவச்சு அளவெடுத்தா, கையை இறக்கினதும் எல்லாம் கோணிக்கும்."

"சரி, யார் சரி பண்ணினது?"

"நான்தான். நீங்க மாட்டின மறுநாள், ஞாயித்துக்கிழமை, எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, வண்டி தரையில நிக்கும்போதே திரும்ப இறுக்கினேன். உள்ள ஆள் பாரம் இருந்தா இன்னும் நல்லதுன்னார்."

"பாரத்துக்கு எதை வச்சே?"

மனைவி டீயை ஊதினாள். "சாப்பிட்டுட்டு, ஜீப்புல உக்காந்து பாட்டுக் கேக்கறேன்னு போய்த் தூங்கினீங்களே."

"அப்ப நீ அடியில இருந்தியா?"

"முக்கா மணி நேரம். நடுவுல ஒரு தடவை புரண்டீங்க. மூச்சை அடக்கிக்கிட்டேன். ஆனா அதுவும் நல்லதுக்குத்தான், அந்தப் பக்கப் பட்டைக்கும் பாரம் கிடைச்சுது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

டவர்க்காரர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். சொல்லியிருந்தால், யார் சொல்வது சரி என்று நிரூபிக்க மறுபடியும் ஜாக்கியைப் போட்டிருப்பார். ஒப்பந்தம் கோவிந்தா. தன் காசுக்கு வலை விரித்தவன் தலைக்குக் கீழே படுத்து, அவன் பிழைப்புக்கான போல்ட்டை முறுக்கியிருக்கிறாள் இவள்.  "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியலை" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். குன்றிலிருந்து இறங்கும்போது குழிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு வந்தார். இறங்கும்போது குழிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

அறுபதாம் நாள் ஆய்வாளர் வந்தார். வண்டியைக் கல்லில் ஏற்றினார், குழியில் இறக்கினார், காதைச் சாய்த்துக் கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அடியில யார் சார் வேலை பாத்தது? என் வண்டியில புஷ் நிக்கவே மாட்டேங்குது."

டவர்க்காரருக்கு வாய் வரை வந்துவிட்டது, 'நான்தான்' என்று. விழுங்கிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தி, வாசலில் நின்றவளைக் காட்டினார். "என் மனைவி, சார். எல்லாம் அவங்க கைவேலைதான்."

ஆய்வாளர் கை கூப்பாத குறையாக அவள் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒரு தடவை செஞ்சு தர முடியுமாம்மா?"

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொண்டு வாங்க" என்றாள் மனைவி. "ஸ்பேனர் வேலையை நான் பாத்துக்கறேன். உள்ள ஏறித் தூங்கறதுக்கு இவர் இருக்கார்."