ஏழு பிள்ளைகளும் ஒரு பணக்கார வரியும்

“ரோஸ்மேரி, நம்ம பிள்ளைங்களைக் காணோம்!”

எர்னி லொம்பார்டோ சாப்பாட்டு மேஜையிலிருந்து போட்ட கூச்சலில், மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு மனைவி ஓடிவந்தாள்.

“ஏழும் தோட்டத்துல கத்திக்கிட்டிருக்கு. காது கேக்கலையா?”

“தோட்டத்துல இருக்கு. வரிக் கணக்குல இல்ல.”

எர்னி நியூ ஜெர்சியில் பள்ளிக்கூட பாய்லர்களைப் பழுது பார்ப்பவன். ரோஸ்மேரி அதே பள்ளியில் நர்ஸ். இருபது வருடமாக ஏப்ரல் பிறந்ததும் குடும்பத்தின் வருமான வரிக் கணக்கை அவனே போடுவான். தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்கு வரியில் கழிவு உண்டு. ஏழு பிள்ளைகளால் வந்த ஒரே வருமானம் அதுதான். இந்த வருடம் கம்ப்யூட்டர் புதிதாக ஒன்று சொன்னது. பிள்ளைகளையும் இன்னும் பல கழிவுகளையும் ஒதுக்கிவிட்டு, இரண்டாவதாக ஒரு கணக்குப் போட வேண்டுமாம். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டுமாம். பெயர், மாற்றுக் குறைந்தபட்ச வரி. கூடுதலாக மூவாயிரத்து நானூறு டாலர்.

“ஆடிட்டர்கிட்ட குடுத்துடேன்.”

“கொதிக்கிற பாய்லரையே அடக்கறேன். இந்தக் காகிதம் எனக்கு எம்மாத்திரம்?”

அலமாரியைக் கவிழ்த்து ரசீதுகளைத் தேடினான். தொழிற்சங்கச் சந்தா, வேலைக்குப் போடும் பூட்ஸ், வீட்டு வரி பாக்கி. முதல் கணக்கில் முந்நூறு டாலர் குறைந்தது. விசிலடித்தான். ஆனால் இரண்டாவது கணக்கில் இந்தக் கழிவுகள் எதுவும் செல்லாது. முதல் கணக்கில் இறங்கிய முந்நூறு, கூடுதல் வரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மொத்தத்தில் ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. அந்தக் கூடுதல் வரி மட்டும் மூவாயிரத்து எழுநூறு ஆகியிருந்தது.

வரி அலுவலகத்துக்குப் போன் செய்தான். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“யாரைப் பிடிக்கம்மா இந்த வரியைப் போட்டீங்க?”

“பெரிய பணக்காரங்களை சார். கோடி கோடியா சம்பாதிப்பாங்க, கழிவா காட்டித் தப்பிச்சுடுவாங்க. அவங்களுக்குப் போட்ட வலை.”

“எனக்கு ஏழு பிள்ளைங்கம்மா.”

“பாருங்க, எத்தனை கழிவு!”

எர்னி போனை வைத்தான். தோற்றுப் பழகாத மனுஷன். நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது.

“ரோஸ்மேரி, அரசாங்கமே நம்மளைப் பணக்காரங்கன்னு சொல்லுது. கட்டறதுதான் கட்டறோம், கெத்தா கட்டுவோம்.”

“அப்படியே அரசாங்கத்தை வந்து துணி மடிக்கச் சொல்லு.”

மறுநாள் காலை உணவுக் கடையில் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னான். கூட வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர் தங்கள் காப்பி பில்லை அவன் பக்கம் தள்ளினார்கள். மத்தியானம் மைத்துனன் படகுக்கு மோட்டார் வாங்கக் கடன் கேட்டான். ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவே பாதிரியார் ஒழுகும் கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு எர்னியைப் பார்த்தார்.

“போதும்டா சாமி!” என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினான். நான் பணக்காரன் இல்லை, இருந்தும் பணக்கார வரி கட்டுகிறேன், அந்தப் பணம் எங்கே போகிறது, என் தெருப் பள்ளத்தை ஏன் யாரும் மூடவில்லை என்று இரண்டு பக்கம். பத்திரிகையில் இடம் குறைவு. ‘நான் பணக்காரன் இல்லை’ என்ற முதல் வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போட்டார்கள்.

அடுத்த வாரம் ஏரிக்கரை மாளிகைக்காரர்கள் சங்கத்திலிருந்து தடித்த காகிதத்தில் அழைப்பு வந்தது. அவர்கள் கூட்டத்தில் வந்து பேச வேண்டுமாம்.

“போகாத. அங்க கார் நிறுத்தற பையனே நம்மளைவிட நல்லா உடுத்துவான்.”

“அவங்களும் இதே வரியில மாட்டினவங்கதான். சக பாதிக்கப்பட்டவங்க!”

கல்யாணக் கோட்டுக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான். கண்ணாடிக் கூடத்தில் முப்பது பேர். யாரோ கையில் ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். எர்னிக்குக் குரல் கணீரென்று வந்தது.

“உங்க ஏரிக்கரை ரோட்டுக்கு மூணு வருஷத்துல மூணு தடவை தார் போட்டாங்க. நான் குறை சொல்லல, வழுவழுன்னு இருக்கு. என் தெருப் பள்ளத்துல என் கடைசிப் பொண்ணு சைக்கிளோட விழுந்தா. மேல வந்தப்ப கையில ஒரு தவளை! ஒரே வரியை நீங்களும் கட்டறீங்க, நானும் கட்டறேன். ஒரே மாதிரி தார் வேணாமா?”

கைதட்டல் கூடத்தை அதிர வைத்தது. ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதை எர்னிக்குக் கிடைத்ததில்லை.

“நாம எல்லாரும் ஒரே படகுல இருக்கோம்!” என்று முழங்கினான். “சொல்லுங்க, இந்த வருஷம் இந்த வரி கட்டினவங்க எல்லாரும் கை தூக்குங்க பார்ப்போம்!”

எர்னியின் கை ஒன்றுதான் மேலே இருந்தது.

முன்வரிசையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் கேமராவோடு எழுந்து வந்து, ஆசையாக அவன் தோளைத் தொட்டாள்.

“ஒரு போட்டோ எடுத்துக்கலாமா மிஸ்டர் லொம்பார்டோ? இப்படி ஒரு வரி இருக்குன்னு எங்க ஆடிட்டர் சொல்லிக்கிட்டே இருப்பார். அதைக் கட்டற ஒருத்தரை இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறோம்!”