நாலாவதா போற ஆளு

தெனமும் சாயங்காலம் ஃபேக்டரி கேட்ல யார் பையைச் சோதிக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லணும். அதுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதணும். அவ்ளோதான் எனக்குக் கொடுத்த வேலை.

தொண்ணூறுகளோட ஆரம்பம். மறைமலை நகர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனி. தாம்பரத்துலேர்ந்து ட்ரெயின்ல போய் வந்துட்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகலை.

மேனேஜர் சொன்னார்: "யார் மாட்டுவாங்கன்னு யாருக்குமே தெரியக் கூடாது. சரியா பண்ணு, உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்."

எழுதி ஓட்டிப் பார்த்தேன். வரிசையில எத்தனாவதா போற ஆள் மாட்டணும்னு நம்பர் வந்துச்சு: 4, 11, 17, 32... ஆகா, என்ன ஒரு தாறுமாறு! ஒரே ஒரு தடவை பார்த்துட்டு, "ஃபர்ஸ்ட் க்ளாஸ் சார்!"னு நானே சர்டிஃபிகேட்டும் கொடுத்துட்டேன்.

ஒவ்வொருத்தர் வெளிய போகும்போதும் வாட்ச்மேன் ஒரு பட்டனைத் தட்டுவார். "கீய்ங்"னு சத்தம் வந்தா, அந்த ஆள் பையைத் திறந்து காட்டணும்.

ரெண்டாவது வாரத்துலேர்ந்து எனக்கு மரியாதை கூடிடுச்சு. வரிசைக் கடைசியில நின்னா, ஃபிட்டர் முனுசாமி விடமாட்டார். "இன்னா சார், நீ போய் பின்னாடி நின்னுகினு! முன்னாடி வா சார், ட்ரெயின் பூடும்!"

படிச்சவனுக்கு இருக்கற மதிப்பே தனின்னு, நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன்.

கீய்ங்!

பையில, சாப்பிடாம மிச்சம் வச்ச உப்புமா.

மறுநாளும் முன்னாடி விட்டாங்க. கீய்ங்! அதுக்கு மறுநாளும் கீய்ங்! எங்க வீட்டு உப்புமா ஃபேக்டரிக்கே தெரிஞ்சுபோச்சு. நானோ மேனேஜர்கிட்ட போய்ப் பெருமை அடிச்சேன். "பாருங்க சார், எழுதினவனையே விடல. துளி பாரபட்சம் கிடையாது!"

"அப்படியா?"ன்னு வெள்ளிக்கிழமை அவரே வேடிக்கை பார்க்க வந்தார், கையில தோல் பையோட. மூணு பேரை அனுப்பிட்டு முனுசாமி குரல் கொடுத்தார். "மேனேஜர் சாருக்கு வழி வுடுங்கப்பா!" மொத்த வரிசையும் ஒதுங்கிச்சு. அவரும் சிரிச்சுக்கிட்டே நடந்தார்.

கீய்ங்!

வாட்ச்மேன் கடமை தவறாதவர். பையிலேர்ந்து கேன்டீன் ஸ்பூனை ஒண்ணொண்ணா எடுத்து, சத்தமா எண்ணினார். பதினாலு!

"உன் மெஷின் சரியில்லய்யா!" மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. முனுசாமியைத் தனியா இழுத்து, "என்னண்ணா நடக்குது?"ன்னு கேட்டேன்.

"தெனம் பொட்டிய ஆன் பண்ணா, அதே நாலாவது, பதினொண்ணாவது, பதினேழாவது ஆளுதான் சார். மூணாம் நாளே கண்டுக்கினோம். மத்த எடத்துக்கெல்லாம் பையில்லாம வர்றவன் கீறான். நாலாவதுக்குத்தான் ஆளு தேடிக்கினு இருந்தோம்."

ஆன் பண்ணும்போதெல்லாம் நம்பரைப் புதுசா குலுக்கிப் போடுன்னு ப்ரோக்ராம்ல ஒரு வரி சேர்த்திருக்கணும். சேர்க்கலையே, பாவி!

வேலை போச்சுன்னே நெனச்சேன். திங்கக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, ஆர்டரை நீட்டினார். ஸ்பூன் விஷயம் ஹெட் ஆபீஸுக்குப் போகக் கூடாதாம்.

ப்ரோக்ராம் ஃபெயில். நான் பர்மனென்ட்.