நிற்காத நாற்பத்திரண்டு

கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று அடித்துச் சேமித்தார் சிவபாண்டி. அது ஐம்பத்தொன்று ஆகிவிட்டது. மறுபடி அடித்தார். மறுபடியும் ஐம்பத்தொன்று.

கம்ப்யூட்டர் அவருடையதில்லை. சாப்பிடப் போயிருந்த தமிழ்வாணியுடையது.

கே.கே. நகரின் அந்த மேப் ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கண்மாய்களின் பரப்பளவை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு நிரப்பியவர் சிவபாண்டி. நாலு மாதம் முன்பு சேர்ந்த தமிழ்வாணி, கட்டத்துக்குள்ளேயே பார்முலாவை எழுதிவைத்துவிட்டாள். மேப்பில் எல்லைக் கோட்டை நகர்த்தினால் போதும். ஏக்கர், கரை நீளம், கரையில் ஊன்ற வேண்டிய பனங்கொட்டை எல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.

"இனிமே தப்புக்கே வேலையில்ல" என்று முதலாளி தங்கப்பாண்டி எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டிய நாளிலிருந்து சிவபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பை வரவழைக்கத்தான் கல்லுப்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மூலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தார். நாற்பத்திரண்டு ஏக்கரோடு ஒன்பது கூடிவிட்டது. அரை ஏக்கர் என்றால் பழி அவள் தலையில் விழும். ஒன்பது என்றால் கை வைத்தது யார் என்று கேள்வி வரும்.

"செல்லக்கிளி, ஒரு கட்டத்துல நம்பர் நிக்க மாட்டேங்குதே?" பக்கத்து நாற்காலிக்காரியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"தமிழ்வாணி பார்முலா போட்டதாண்ணே? நீங்க எம்புட்டு அடிச்சாலும் அழிச்சிட்டு அதுவா எழுதிக்கிரும். கோட்டை நகத்துனாத்தான் மாறும்."

கோட்டின் பழைய இடம் அவருக்கு நினைவில்லை. சாட்டிலைட் படத்தில் வயல்களுக்கு நடுவே மங்கலாக ஒரு மேடு ஓடியது. கரை அதுதான் என்று நம்பி, மூலைமூலையாகக் கோட்டை அதன்மேல் ஒட்டிக்கொண்டே போய்ச் சேமித்தார்.

அறுபத்தெட்டு ஏக்கர். பனங்கொட்டை ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

"தமிழ்வாணி, கல்லுப்பட்டி மேப் முடிஞ்சிருச்சா?" அறையிலிருந்து தங்கப்பாண்டியின் குரல்.

"சாப்பிடப் போயிருக்கு சார்" என்றாள் செல்லக்கிளி.

"சரி, நானே எடுத்துக்கிறேன். ஊர்க்காரங்க வந்துட்டாங்க."

பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் சிவபாண்டி தன் இடத்துக்குத் தாவினார். உட்கார்ந்ததும் மனசு குளிர்ந்தது. போகட்டும், மேப்பின் அடியில் இருப்பது அவள் பெயர்தானே.

அறைக்குள் ஊர்ப் பெரியவர் காளையும் நாலு விவசாயிகளும் மேப்பை விரித்தார்கள். சண்டை இப்போது வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார் சிவபாண்டி.

அறைக் கதவு திறந்தது. துண்டால் கண்ணைத் துடைத்தபடி காளை நேரே அவரிடம் வந்தார்.

"தம்பி, வளைச்சு வயல் போட்டவங்களுக்குப் பயந்து முப்பது வருசமா எல்லாரும் எங்க கண்மாயில இருபத்தாறு ஏக்கரை விட்டுட்டுத்தான் வரைவாங்க, பழைய கரை வரைக்கும் துணிஞ்சு வரைஞ்ச அந்தத் தமிழ்வாணிப் பிள்ளையக் கொஞ்சம் கூப்பிடுங்க, மாலை போடணும்."