வாசல் கதவும் நாலு வேலை மெஷினும்

வாசல் கதவைக் கழற்றிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மெட்டுகுடா வீட்டு நிலையில் இப்போது மயில் படம் போட்ட பெட்ஷீட் ஒன்று தொங்கியது. ராத்திரியில் சந்திரமோகன் நிலையை மறித்துக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். பகலில் எதிர்வீட்டுப் பூனை யாரையும் கேட்காமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க," என்றாள் அவர் மனைவி பாமா. "இன்னிக்கு புதன்."

"முழுசா மூணு நாள் இருக்குது. ஒரு கதவு மாட்ட மூணு நாள் பத்தாதா?" என்றார் சந்திரமோகன்.

விஷயம் சின்னதுதான். மழையில் கதவு உப்பி, நிலையில் பிடித்துக்கொண்டது. ஒரு தச்சரைக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் இழைத்து மாட்டிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் சந்திரமோகன் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்றால், அடுத்தவர்கள் செய்த சாமான்களில் குறை கண்டுபிடிக்கிற வேலை. ஓய்வு பெற்றதும், தானே ஒரு சாமான் செய்து பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த மெஷின் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

அறுக்கும், இழைக்கும், பலகையின் கனத்தைச் சீவிக் குறைக்கும், துளை போடும். நாலு வேலைக்கும் ஒரே மெஷின். அறுபதுகளில் வார்த்த இரும்பு, யானைக்குட்டி கனம். சந்திரமோகன் அதை முன்னறையில் இறக்கி, கடைசி ஆணி வரை பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, பேரிங், பெல்ட் எல்லாம் மாற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்திவிட்டார். சோபா பின்கட்டுக்குப் போனது. பாமாவுக்கு எட்டு மாதமாகச் சாம்பாரில்கூட மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

"டாடி, நக்கோ, வேண்டாம் டாடி," என்றாள் மகள் சாஹித்யா. "ஒரு கார்ப்பென்டரை வரச் சொல்லுங்க. வினய் அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட். அவர் ஓகே சொன்னாதான் மேரேஜுன்னு வினய் சொல்லிட்டான்."

சாஹித்யாவும் வினயும் கொண்டாப்பூரில் ஒரே ஆபீஸ். அவர்கள் இருவரும் ஒரு வருஷம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது வினயின் அப்பா நாராயணஸ்வாமியின் தலையசைப்பு மட்டும்தான். அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

"அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல போர்மேனா இருந்தவராம். நல்ல வேலையைப் பார்த்தா அவருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு சந்திரமோகன் சுவிட்சைப் போட்டார்.

மெஷினுக்கு வேண்டியது மூன்று பேஸ் கரன்ட். வீட்டில் இருந்தது ஒன்று. அதற்காக அவர் புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி மாட்டியிருந்தார். பெட்டி வேலை செய்தது. மோட்டாரும் சுற்றியது, ஆனால் பின்பக்கமாக. கத்தி கதவைச் சீவாமல் தடவிக்கொடுத்தது.

"ரெண்டு ஒயரை மாத்தினா தீர்ந்தது," என்று மாற்றினார். மோட்டார் சரியான பக்கம் ஒரே வேகமாகக் கிளம்பியதில் வீட்டு பியூஸ் போய்விட்டது. உள்ளே கிரைண்டரில் பாமாவின் மாவு பாதியில் நின்றது.

வியாழக்கிழமை பியூஸ் போட்டு, வேகத்தைக் குறைத்து, கதவின் விளிம்பை இழைத்தார். மரம் சுருள் சுருளாக விழுந்தது. ஒரு சுருளை எடுத்துச் சந்தோஷமாக முகர்ந்து பார்த்தார். பிறகு அளந்து பார்த்தார். மேலே சரியாக இருந்தது. கீழே இரண்டு விரல்கடை அதிகமாகப் போயிருந்தது.

"மேஜை ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல," என்றார். "ஒரு விஷயம் கண்டுபிடிச்சாச்சு."

"கதவை முதல்ல கண்டுபிடிங்க," என்றாள் பாமா.

வெள்ளிக்கிழமை மட்டம் சரிசெய்து, மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்துக்குச் சமமாக இழைத்தார். இப்போது கதவு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. ஆனால் நிலையில் வைத்துப் பார்த்தால் மூன்று விரல்கடை சந்து. பூனை தலையை நுழைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டது.

"ஒரு சட்டம் ஒட்டிட்டா போச்சு. காய்ஞ்ச தேக்கா இருக்கணும்."

வீட்டில் காய்ந்த தேக்கு என்று இருந்தது கல்யாணத்துக்குப் பாமாவின் அப்பா செய்து கொடுத்த கட்டிலின் தலைப்பலகை ஒன்றுதான். பாமா காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அது நான்கு சட்டமாக அறுபட்டு, பசை தடவிக் காத்திருந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அழுதால் ஆறுதல் சொல்ல அவர்தான் வருவார் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, ஒட்டிய சட்டத்தை மெஷினில் விட்டார். தலைப்பலகைக்குள் மறைந்திருந்த பழைய ஆணி ஒன்றில் கத்தி மோதியது. பெரிய சத்தத்தோடு சட்டம் பிளந்து, கதவின் ஒரு மூலையையும் கூட்டிக்கொண்டு போனது. பிய்ந்த விளிம்பை நேராக்குகிறேன் என்று வட்ட ரம்பத்தில் அறுத்தார். மறுபக்கத்தையும் அழகுக்காக அறுத்தார்.

சாயங்காலம் சற்று விலகி நின்று பார்த்தார். "இந்த அகலத்துக்கு அருமையான அலமாரிக் கதவு."

"அலமாரியில கதவு இருக்குது," என்றாள் பாமா. "வாசல்லதான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வினய் பெட்ஷீட்டை விலக்கிப் பிடிக்க, அவன் அப்பாவும் அம்மாவும் குனிந்து உள்ளே வந்தார்கள். நாராயணஸ்வாமி இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத முகம். அவர் மனைவி பத்மஜா சிரித்துக் கும்பிட்டு, பேசாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசல்ல கதவு இல்லையே," என்றார் நாராயணஸ்வாமி.

"அப்கிரேட் நடக்குது," என்றார் சந்திரமோகன்.

சாஹித்யா தரையைப் பார்த்தாள். நாராயணஸ்வாமி அதற்குள் மெஷினைப் பார்த்துவிட்டார். கிட்டே போனார். சுற்றி வந்தார். மேஜையின் மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தார்.

சந்திரமோகனுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "நான் வாங்கறப்போ இதைப் பார்த்திருக்கணும் சார். முன்னாடி வச்சிருந்த ஆளுக்கு மெஷின்னா என்னன்னே தெரியல. புல்லியைத் தப்பா மாட்டி, கிரீஸ் போடற இடத்துல தேங்காய் எண்ணெய் ஊத்தி வச்சிருக்கான்."

"அடியில, இடது கால் பக்கம், ரெண்டு எழுத்து வெட்டியிருந்துதா?" என்று நாராயணஸ்வாமி கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஹவ், ஆமா சார், ஏதோ கிறுக்கியிருந்துது. பட்டி வச்சு மூடி, மேல பெயிண்ட் அடிச்சுட்டேன். இப்ப யாராலயும் கண்டுபிடிக்க முடியாது," என்றார் சந்திரமோகன் பெருமையாக.

"அது என் இனிஷியல்," என்றார் நாராயணஸ்வாமி. "இது என் மெஷின். போன தீபாவளி சமயத்துல நான் ஊருக்குப் போயிருந்தப்போ அபார்ட்மென்ட் பார்க்கிங்லேர்ந்து திருட்டுப் போச்சு. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கேன்."

வினய் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். சாஹித்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்தது இப்படி ஒரு பச்சை இரும்பில் இடித்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"திருட்டுச் சாமானை வாங்கி, அடையாளத்தையும் அழிச்சு வச்சிருக்கற வீடு," என்றார் நாராயணஸ்வாமி. "வினய், கிளம்பு."

பாமா கணவரைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஒரு நிமிஷம்தான்.

"சார், இப்படி யோசிங்க," என்றார் சந்திரமோகன். "உங்க மெஷின் திருடன் கையில சிக்கி, உருக்கறதுக்குப் போக இருந்துது. நான் பார்த்துட்டேன். எட்டு மாசம் என் கையால தேய்ச்சு, பேரிங் மாத்தி, ஸ்பீடு கன்ட்ரோல் வச்சு, உசுரு கொடுத்து நிறுத்தியிருக்கேன். யாருக்காக? அப்போ எனக்குத் தெரியாது. இப்போ தெரியுது. எங்க சம்பந்திக்காக. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் லாரியில ஏத்தி உங்க வீட்டு வாசல்ல இறக்கறேன்."

நாராயணஸ்வாமி மெஷின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக சுவிட்சைப் போட்டார். மோட்டார் பூனை மாதிரி உறுமியது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஸ்பீடு குறைக்கலாமா?"

"அந்தக் குமிழைத் திருப்புங்க, சம்பந்தி."

"அது தேங்காய் எண்ணெய் இல்ல, சம்பந்தி. விளக்கெண்ணெய்," என்றார் நாராயணஸ்வாமி. இருவரும் அலமாரிக் கதவை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு இழைக்க ஆரம்பித்தார்கள். சாஹித்யா வினயைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

பாமாவுக்கு மனசு நிறைந்து போயிற்று. பெண்ணுக்கு வரன் அமைந்தது. மெஷினும் வீட்டை விட்டுப் போகிறது. முன்னறையில் மறுபடியும் சோபா போடலாம். தாம்பூலத் தட்டை எடுத்துவர அவள் சமையலறைக்குள் ஓடினாள். அதுவரை வாய் திறக்காத பத்மஜா பின்னாலேயே வந்து, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, சீர், நகை எதுவும் நாங்க கேக்கமாட்டோம், ஆனா அந்த மெஷின் திரும்பி எங்க வீட்டுக்கு வந்துதுன்னா இந்தக் கல்யாணம் நடக்காது," என்றார் பத்மஜா தாழ்ந்த குரலில். "அவர் ஊருக்குப் போன அன்னிக்கே டிராலி ஆட்டோ பிடிச்சு, அதை இரும்புக் கடைக்கு ஏத்தி அனுப்பினது நான்தான்."